சிகோங் போன்ற ஊரில் கணக்கு வாத்தியாராக இருப்பது

கேள்வி இதுதான்: எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து, நம் ஊர்ப் பள்ளியில் சில ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவருக்கு, சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஒரு சிறு நகரப் பள்ளியின் பன்னாட்டுப் பிரிவில் வேலை இருப்பதாக முகவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஷாங்காய் என்றால் உடனே கிளம்பியிருப்பாராம். பெயரே கேள்விப்படாத ஊர் என்பதால் தயக்கம். போகலாமா?

போகலாம், காகிதங்கள் சுத்தமாக இருந்தால். ஊர் சிறியது என்பது தயங்குவதற்கான காரணமே அல்ல. பல வகையில் அதுதான் நல்லது. ஆனால் ஷாங்காயில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளக்கூடிய பல வசதிகளைச் சிறு நகரத்தில் மனிதர்களின் தயவால்தான் பெற முடியும். அந்த ஏற்பாடு உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவருமா என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். தென் சிச்சுவானில் உள்ள சிகோங் நகரில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில், அந்த ஊரை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் காகிதம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி முறை 2017 ஏப்ரலில் சீனா முழுவதும் ஒன்றாக்கப்பட்டது. ஏ, பி, சி என மூன்று வகைகள். ஆசிரியர்கள் பெரும்பாலும் பி வகையில் வருவார்கள். பட்டம், அந்தத் துறையில் இரண்டு ஆண்டு அனுபவம், குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் ஆகியவை அடிப்படைத் தேவைகள். மொழி ஆசிரியர்களுக்கு மட்டும் தனி விதி உண்டு: தங்கள் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும், அந்த மொழி பேசும் நாட்டில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் 'ஆங்கில ஆசிரியர்' என்ற பெயரில் அனுமதி வாங்குவது மிகவும் அரிது. எல்.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்தேன் என்பதெல்லாம் அங்கே செல்லுபடியாகாது. கணிதம், இயற்பியல் போன்ற பாடத்தை ஆங்கிலத்தில் நடத்துபவர் என்றால் வழி திறந்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்திலும் அனுமதி விண்ணப்பத்திலும் 'கணித ஆசிரியர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். 'கல்வி ஆலோசகர்', 'மேலாளர்' என்று ஏதாவது இருந்தால் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

முகவர்கள் வழக்கமாகச் சொல்லும் இன்னொரு பொய்: "இப்போதைக்கு வணிக விசாவில் வாருங்கள், வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்." வேலைக்குச் செல்பவர் இஸட் விசாவில்தான் செல்ல வேண்டும். வேறு விசாவில் இருந்துகொண்டு பாடம் நடத்தினால் அது சட்டவிரோத வேலை. 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையான நேர்வுகளில் 5 முதல் 15 நாள் வரை காவல், பிறகு நாடு கடத்தலும் நடக்கலாம். சிறு நகரத்தில் வெளிநாட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். யார் எங்கே வேலை செய்கிறார் என்பது காவல் நிலையத்துக்குத் தெரியாமல் இருக்காது. அனுமதியில் எந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் கற்பிக்கலாம். மாலையில் வீட்டில் டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். 2021 ஜூலையில் வந்த 'இரட்டைக் குறைப்பு' கொள்கை, ஒன்பதாம் வகுப்பு வரையிலான பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதையே தடை செய்துவிட்டது. பெற்றோர் கெஞ்சுவார்கள், உறையில் பணம் வைத்து நீட்டுவார்கள். சிரித்துக்கொண்டே மறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாட்டுக்குள் நுழைந்ததும், விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். 30 நாட்களுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் இதற்கென்று ஒருவர் இருப்பார். இந்தியச் சான்றிதழ்களுக்கு எந்தெந்தச் சான்றொப்பம் தேவை என்பதை அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவரின் வாய்மொழியை நம்பாதீர்கள். இதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

இனி ஊர். சீனக் கணக்கில் சிறு நகரம் என்றால் என்ன என்பதற்கு ஓர் அளவு: சிகோங் நிர்வாகப் பகுதியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 25 லட்சம். மாகாணத் தலைநகர் செங்டுவில் இரண்டு கோடிக்கும் மேல். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட அதிவேக ரயில் பாதையில் செங்டுவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். அந்தப் பாதை செங்டுவின் புதிய தியன்ஃபூ விமான நிலையத்தையும் தொட்டுச் செல்வதால், சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகவோ பாங்காக் வழியாகவோ வருபவர் நகருக்குள் அலையாமல் நேராக ஊர் சேரலாம்.

சிகோங் உப்பால் உருவான ஊர். கடலிலிருந்து வெகு தொலைவில், பூமிக்கு அடியிலுள்ள உப்புநீரை மூங்கில் குழாய்களால் மேலே எடுத்து, அதே கிணறுகளில் கிடைத்த இயற்கை எரிவாயுவைக் கொளுத்திக் காய்ச்சினார்கள். 1835இல் தோண்டி முடிக்கப்பட்ட ஷென்ஹாய் கிணற்றின் ஆழம் 1,001.42 மீட்டர்; உலகில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய முதல் கிணறு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனாவை உலுக்கிய தைப்பிங் உள்நாட்டுக் கலகத்தின்போது கடல் உப்பு உள்நாட்டுக்கு வராமல் நின்றது; பிறகு ஜப்பானியப் படையெடுப்பில் கடற்கரை உப்பளங்கள் கைவிட்டுப் போயின. இரண்டு முறையும் இந்த ஊர்தான் உள்நாட்டுக்கு உப்பு போட்டது. 1939இல் ஜிலியுஜிங், கோங்ஜிங் என்ற இரண்டு உப்புக் கிணற்றுப் பகுதிகளை இணைத்து நகரம் அமைத்தார்கள். டைனோசர் புதைபடிவங்கள் தோண்டப்பட்ட இடத்திலேயே 1987இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும், சீனப் புத்தாண்டை ஒட்டி நடக்கும் விளக்குத் திருவிழாவும் ஊரின் மற்ற இரண்டு பெருமைகள். சுற்றுலாப் பயணிக்கு இரண்டு நாள் போதும். நீங்கள் வாழப் போவதோ பள்ளிக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட ஓரிரு கிலோமீட்டரில்.

பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சீன மேல்நிலைப் பள்ளி என்பது அநேகமாக முழுநாள் குடியிருப்பு. காலை ஏழு, ஏழரைக்கே சுயபடிப்பு தொடங்கிவிடும். இரவு ஒன்பது, பத்து மணி வரை மாலைச் சுயபடிப்பு உண்டு. ஜூன் 7ஆம் தேதி தொடங்கும் காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுதான் எல்லாவற்றுக்கும் அச்சு. பன்னாட்டுப் பிரிவு மாணவர்கள் பெரும்பாலும் அந்தத் தேர்வை எழுதாமல் ஏ லெவல் எனும் பிரிட்டிஷ் பள்ளித் தேர்வு போன்றவற்றை எழுதி வெளிநாடு போகிறவர்கள். ஆனாலும் கால அட்டவணை முழுப் பள்ளிக்கும் பொதுவானதாகவே இருக்கும். மாலைச் சுயபடிப்பு நேரத்தில் நீங்களும் இருக்க வேண்டுமா, வாரத்தில் எத்தனை நாள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால், கேட்கும்போதெல்லாம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே உறங்கும். ஆசிரியர் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, துறைத் தலைவரும் உறங்குவார். மாணவர்கள் மேசைமேல் கைகளை மடித்துத் தலை சாய்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் யாரையும் தொலைபேசியில் அழைக்காதீர்கள். அங்கே அது அநாகரிகம். நீங்களும் படுத்துவிடுவது உத்தமம். இரவு ஒன்பது மணிக்கு நிகழ்தகவு நடத்த வேண்டியிருக்கும் அல்லவா!

வகுப்பில் முதலில் உங்களைத் திகைக்க வைப்பது மௌனம். பலகையில் கணக்கைப் போட்டு "அடுத்தது என்ன?" என்று கேட்டால் ஒரு கையும் உயராது. தெரியாமல் அல்ல, பலருக்கு விடை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். எல்லோர் முன்னிலையிலும் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் தயக்கம். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, பிறகு "நீங்கள் இருவரும் என்ன முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் பேச்சு வரும். விடை இருவருடையது என்பதால் வெட்கமும் பாதியாகிவிடுகிறது போலும். பிள்ளைகளின் கணக்குக் கை அபாரம். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவதில் நம் பத்தாம் வகுப்பு முதல் மாணவனோடு போட்டி போடுவார்கள். ஆனால் கணக்கு ஆங்கில வாக்கியமாக வந்தால் தடுமாறுவார்கள். 'குறைந்தது இரண்டு', 'அதிகபட்சம் இரண்டு' என்பவற்றைக் குழப்பிக்கொண்டு, குறையே சொல்ல முடியாத அழகான வழிமுறையில் தவறான விடைக்கு வந்து சேர்வார்கள். உங்களுக்கு அங்கே உள்ள உண்மையான வேலை இதுதான். சூத்திரம் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் தேவையில்லை.

சக ஆசிரியர்கள் உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்வார்கள். நம் ஊரில் அப்படி உட்கார்ந்தால் ஆய்வு என்று பொருள். அங்கே ஒருவர் பாடத்தை மற்றவர் கேட்பது வாடிக்கை, பாட ஆய்வுக் குழு என்ற அமைப்பின் அன்றாடப் பணி. நீங்களும் போய் அவர்கள் வகுப்பில் உட்காருங்கள், மொழி புரியாவிட்டாலும். ஒரு சீனக் கணித ஆசிரியர் கரும்பலகையை மூன்று பத்திகளாகப் பிரித்து, ஒன்றையும் அழிக்காமல் பாட முடிவில் முழுச் சுருக்கமும் பலகையிலேயே நிற்கும்படி நடத்துவதைப் பார்த்த பிறகு, என் பலகை எழுத்து அடியோடு மாறிவிட்டது.

எரிச்சலூட்டும் விஷயங்களும் உண்டு. எல்லாம் வீசாட் எனும் சீனச் செயலியின் குழுவில்தான் நடக்கும். நாளை மதியம் கூட்டம் என்பது இன்று இரவு பதினொரு மணிக்கு வரும். 'கிடைத்தது' என்று ஒவ்வொருவரும் பதில் போட, நீங்களும் போட வேண்டும். அரசு விடுமுறை விட்டால் அதற்கு ஈடாக முந்தைய அல்லது அடுத்த வார இறுதியில் வேலை இருக்கும். இது தெரியாமல் டிக்கெட் எடுத்துவிட்டுப் புலம்பும் வெளிநாட்டு ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் ஒருவர் இருப்பார். வாட்ஸ்ஆப், கூகுள், யூடியூப் எதுவும் அங்கே திறக்காது. வீட்டில் உள்ளவர்களுக்குக் கிளம்புவதற்கு முன்பே மாற்று வழியைப் பழக்கிவிட்டுப் போங்கள்.

பாட உபகரணங்களில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கவனியுங்கள்: வரைபடம். இந்தியாவில் அச்சான புத்தகத்தில் உள்ள எல்லைக் கோடும் அங்கே பள்ளியில் தொங்கும் படத்தின் எல்லைக் கோடும் ஒன்றல்ல. உலகப் படம் உள்ள புத்தகத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள். மாணவர்கள் எல்லைப் பிரச்சினையைக் கிளறினால் கணக்குக்குத் திரும்பிவிடுங்கள். உப்புக் கிணற்றின் ஆழத்தை வைத்துக் கேட்க எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன.

சாப்பாடு. அசைவம் உண்பவர் என்றால் கவலையே வேண்டாம். இந்த ஊர் முயல் கறிக்கும், உப்புக் கிணறுகளில் உழைத்து ஓய்ந்த மாடுகளின் இறைச்சியிலிருந்து தோன்றியதாகச் சொல்லப்படும் மாட்டுக்கறி வகைகளுக்கும் பேர் பெற்றது. காரம் நம் ஆந்திரக் காரத்துக்குக் குறைந்ததல்ல. கூடவே நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகு வேறு. சைவம் என்றால் கொஞ்சம் சங்கடம்தான். இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கி, கோழிச் சாறுப் பொடி தூவி, இறைச்சித் துண்டு ஒன்றுகூட இல்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் கணக்கில் அது சைவம். "தாவர எண்ணெய், கோழிப் பொடி வேண்டாம்" என்று சீன எழுத்தில் ஒரு அட்டை எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சைவர்களுக்கு இந்தப் பகுதியில் ஒரு வரப்பிரசாதம் இருக்கிறது: அருகிலுள்ள ஃபூஷுன் வட்டத்தின் தோஹ்வா. சோயாப் பாலை உப்புக் காய்ச்சும்போது மிஞ்சும் கசப்பு நீரால் உறைய வைப்பது. இட்லியைவிட மென்மையாக, கரண்டி பட்டாலே குலுங்கும். ஒரு கிண்ணம் தோஹ்வா, ஒரு கிண்ணம் சோறு, ஒரு சின்னத் தட்டில் இடித்த மிளகாய், சோயாச் சாறு, பச்சிலை சேர்த்த தொக்கு. தோஹ்வாவைக் கிள்ளித் தொக்கில் தோய்த்துச் சோற்றோடு உண்டு, உறைந்தபின் மிஞ்சும் நீரையே ரசம்போல் குடித்து முடிப்பார்கள். கடைகள் விடியற்காலையே திறந்துவிடும். தொக்கில் எலும்புச் சாறோ இறைச்சியோ கலக்கிறதா என்று கடைக்குக் கடை கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் சமைப்பவருக்குச் சந்தை ஏமாற்றாது. பாகற்காய், பீர்க்கங்காய், பூசணி, காராமணி, இஞ்சி, கொத்துமல்லி எல்லாம் குவிந்து கிடக்கும். புளி யுன்னான் மாகாணத்தில் விளைகிறது, தாவ்பாவ் இணையக் கடையில் வாங்கலாம். ஊரிலிருந்து கொண்டு போக வேண்டியவை பெருங்காயம், சாம்பார் பொடி, ஒரு நல்ல பிரஷர் குக்கர், அவ்வளவுதான்.

குளிரைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. சீனாவை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும் சின்லிங் மலை, ஹ்வாய் ஆற்றுக் கோட்டுக்குத் தெற்கே அரசின் மைய வெப்பமூட்டல் கிடையாது. சிகோங் அதற்குத் தெற்கே. குளிர்காலத்தில் பனி பெய்வது அபூர்வம், ஆனால் சூரியன் வாரக்கணக்கில் தென்படாது. ஈரக் குளிர் எலும்பில் இறங்கும். வகுப்பறை ஜன்னல்களைக் காற்றோட்டத்துக்காகத் திறந்தே வைப்பார்கள். கனத்த கோட்டோடுதான் பாடம் நடத்த வேண்டும். மின் போர்வை ஒன்றை முதல் வாரமே வாங்குங்கள். கோடையில் நேர்மாறு: 2022 ஆகஸ்ட் வெப்ப அலையில் நீர்மின் உற்பத்தி சரிந்து சிச்சுவானில் தொழிற்சாலைகளையே மூட வேண்டியிருந்தது. சிறு நிலநடுக்கங்களும் வரும். சிகோங்கைச் சேர்ந்த ரோங் வட்டத்தில் 2019 பிப்ரவரியில் ஏற்பட்ட அதிர்வுகளில் வீடுகள் சேதமடைந்தன.

பணத்தைப் பொறுத்தவரை, முகவர் சொல்லும் தொகை வரிக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். மாதம் 5,000 யுவான் வரை அடிப்படைக் கழிவு. அதற்குமேல் 3 முதல் 45 சதவீதம் வரை படிப்படியாக வரி. 2011 முதல் வெளிநாட்டுப் பணியாளர்களும் சமூகக் காப்பீட்டில் சேர வேண்டும். அதில் ஓய்வூதியத்துக்காக உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்தது, நாட்டை விட்டு முற்றாக வெளியேறும்போது திரும்பக் கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப வங்கியில் வரி கட்டிய சான்று கேட்பார்கள். சிறு நகரக் கிளையில் வெளிநாட்டவர் படிவத்தை நிரப்பிப் பழகியவர் யாரும் இருக்கமாட்டார்; அரை நாள் ஒதுக்கி, பள்ளியிலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த 'ஒருவர்' விஷயம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன தயவு. மருத்துவமனையில் சீட்டு எடுப்பது, முன்பணம் கட்டுவது, ரத்தப் பரிசோதனைக்கு வேறு கட்டடத்துக்கு ஓடுவது எதையும் ஆங்கிலத்தில் செய்ய முடியாது. பக்கத்து மேசை ஆசிரியை விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வருவார். பதிலுக்கு அவர் மகன் ஆங்கிலம் பேசிப் பழக ஞாயிற்றுக்கிழமை உங்களோடு நடக்க வருவான். அது டியூஷன் அல்ல, உறவு, காசு வாங்காதவரை. பழக்கடை அம்மாளுக்கு உங்கள் சம்பளம் தெரிந்திருக்கும், குடியிருப்புக் காவலாளிக்கு உங்கள் வீட்டில் யார் வந்தார் என்பது தெரிந்திருக்கும், நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்து சேர்ந்திருக்கும். தனிமையும் மறைவும் வேண்டுபவருக்கு இது நரகம். சின்ன ஊரில் வளர்ந்தவருக்கு இதெல்லாம் புதிதே அல்ல.

சீன மொழியைக் கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். நீங்கள் கற்பது பொதுச் சீனம், சந்தையில் கேட்பது சிச்சுவான் பேச்சு. முதல் சில மாதங்கள் ஒன்றும் பிடிபடாது. பரவாயில்லை. எண்களும், விலையும், உணவின் பெயர்களும் வந்துவிட்டால் வண்டி ஓடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: குடும்பம். மனைவியை எஸ்1 விசாவில் அழைத்துச் செல்லலாம், ஆனால் அந்த விசாவில் அவர் வேலை பார்க்க முடியாது. வேலைக்குப் பழகிய பெண் வெயிலே வராத ஊரில், மொழி தெரியாமல், நீங்கள் இரவு பத்து மணிக்கு வரும்வரை காத்திருப்பது கடினம்; அவரிடம் இதை அலங்காரம் இல்லாமல் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். பள்ளி செல்லும் வயதில் பிள்ளை இருந்தால், இத்தகைய ஊரில் அவனுக்கு ஆங்கில வழிப் பள்ளி கிடைப்பது அரிது. அந்த நிலையில் இந்த வேலையை விட்டுவிட்டுச் செங்டுவில் தேடுங்கள். தனி ஆளாகவோ, குழந்தை இல்லாத தம்பதியாகவோ இருந்தால், முகவரிடம் ஒப்பந்த வரைவை இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். மூன்று விஷயங்களை மட்டும் முதலில் பாருங்கள்: பதவியின் பெயர், அனுமதியில் வரப்போகும் பள்ளியின் பெயர், மாலைச் சுயபடிப்புக் கணக்கு.